கர்னலுக்குக் கொடுத்த லட்டு

1

ஜனவரி பிறந்தால் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பீர்கள். எனக்கு இங்கே லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலை. அமெரிக்காவில் நான் இருக்கும் மாநிலத்தில் குதிரைப் பந்தயத்தை அரசாங்கக் கமிஷன் ஒன்று கட்டி மேய்க்கிறது. குதிரைக்குச் சொந்தக்காரர், பயிற்சியாளர், ஜாக்கி என்று பெரிய ஆட்கள் மட்டுமல்ல. லாயத்தில் சாணி அள்ளுகிறவன்கூட கமிஷன் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க முடியும். நான் அந்தச் சாணி அள்ளுகிறவன். குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, குதிரையை ஓடுகளத்துக்குக் கையில் பிடித்துக் கூட்டிப் போவதும் நான்தான். எங்கள் வேலைக்கு இங்கே குரூம் என்று பெயர்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். 'எப்போதாவது உங்கள் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டதா? ஆம் என்றால் காரணம் எழுதவும்.' ஆம் என்று போட்டு, காரணம் என்ற இடத்தில் நான் 'லட்டு' என்று எழுதுவேன். லைசென்ஸ் ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாள் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு 'தடை செய்யப்பட்ட பொருள், கற்பூரம்' என்று எழுதிக்கொள்வாள். அடுத்த வருடம் நான் மறுபடியும் லட்டு என்றுதான் எழுதுவேன். அவளுக்கும் சலிக்கவில்லை, எனக்கும் சலிக்கவில்லை.

இந்த வருடம் என் மகள் கோதையும் கூட வந்தாள். பதினேழு வயதாகிறது, முதல் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஜன்னல் முன்னால் அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் லட்டு விஷயம் தெரியாமல் அது உங்களுக்குப் புரியாது.

2

நான் இங்கே வந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல, என் மனைவி செண்பகத்தின் சாமர்த்தியத்தால். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நர்ஸ் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தாள். ராஜபாளையத்தில் மில் மேஸ்திரியாக இருந்த நான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பெண்டாட்டி சம்பாத்தியத்துக்குப் பின்னால் போகிறான் என்று ஊரில் சிலர் பேசினார்கள். பேசட்டும். இன்றைக்கும் அவளுடைய சம்பளம்தான் அதிகம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இங்கே வந்து பார்த்தால் நூல் மில் இல்லை, என் சர்ட்டிபிகேட்டை மதிக்க ஆளும் இல்லை. செண்பகம் வேலை பார்த்த வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார் ஹாங்க் என்ற கிழவர். பந்தயக் குதிரைப் பயிற்சியாளர். "உன் புருஷனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். "குதிரை தெரியும்" என்று இவள் சொல்லிவிட்டாள். அது முழுப்பொய் இல்லை. என் அண்ணன் பரமசிவம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டினான். பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் அந்தக் குதிரைக்குப் புல் போட்டது நான்தான்.

லைசென்ஸ் ஆபீசில் பத்து விரல் ரேகையையும் உருட்டி எடுத்தார்கள். பெயரை முன்னது பின்னது என்று இரண்டாகக் கேட்டார்கள். மாரியப்பன் என்று சொன்னேன். பின்னது எங்கே என்றார்கள். அப்பா பெயர் சண்முகம் என்றேன். அன்றிலிருந்து லாயத்தில் என்னை 'ஷான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதுரையைத் தாண்டாத என் அப்பாவை அமெரிக்காக்காரர்கள் விடிந்ததும் விடியாததுமாகச் சாணி அள்ளக் கூப்பிடுகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் ராஜபாளையம் என்பேன். அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருந்தவர் குதிரை டாக்டர் ஒருவர்தான். "அது நாயல்லவா?" என்றார். எங்களைவிட எங்கள் ஊர் நாய் முந்திக்கொண்டு பேர் வாங்கிவிட்டது, என்ன செய்ய?

கமிஷனை நான் மட்டமாகப் பேசமாட்டேன். ஆள்மாறாட்டம் நடக்கக்கூடாது என்று ஒவ்வொரு குதிரைக்கும் மேலுதட்டின் உள்பக்கம் எண் பச்சை குத்தியிருக்கும். ஓடுவதற்கு முன்னால் ஓர் ஆள் வந்து உதட்டைப் புரட்டிப் பார்ப்பார். பந்தயம் முழுக்கப் படம் பிடிப்பார்கள். ஸ்டுவர்ட் என்று மூன்று நடுவர்கள் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜெயித்த குதிரையை நேராகச் சோதனை லாயத்துக்குக் கொண்டுபோய் ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். குதிரை சிறுநீர் கழிப்பதற்காக அங்கே ஒருவர், நீளக் கம்பின் நுனியில் குப்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டே நிற்பார். விசில் சத்தத்துக்குக் குதிரைக்கு வந்துவிடும். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு குதிரைக்கு விசிலடிக்கிற உத்தியோகம்! அண்ணனுக்கு இதை எழுதியபோது அவன் நம்பவே இல்லை. ஊசி போட்டுக் குதிரையைச் சாகிறவரைக்கும் ஓட விடுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த விசில்காரர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. குதிரையின் உடம்பில் கூடாத பொருள் எது இருந்தாலும், யார் கொடுத்திருந்தாலும், பயிற்சியாளர்தான் பொறுப்பு. தெரியாது என்று அவர் கையை விரிக்க முடியாது.

3

கோதைக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஊருக்கு வந்திருந்தோம். அதற்குள் இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் 'கேட்டி' ஆகியிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சம் சாதம் கொடுத்துவிட்டால் அப்படியே திரும்பி வரும். ஊரிலும் யாருடனும் ஒட்டாமல் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்போது செட்டியார்பட்டிப் பக்கம் கோயில் கொடை விழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் வைத்திருந்தார்கள். ஆட்டோ வந்து ஸ்டேஷன் பிழைப்பு படுத்துவிட்டதால் அண்ணன் தன் வண்டிக் குதிரையைப் பந்தயத்தில் இறக்கியிருந்தான். எங்கள் பக்கத்திலும் கமிஷன் உண்டு, விழாக் கமிட்டி என்று பெயர். மைக் செட் கடை முத்தையா மாமாதான் அதில் எல்லாம். குதிரைக்குச் சாராயத்தை ஊற்றிவிட்டு ஓட்டுகிற ஆட்கள் இருந்ததால், ஒவ்வொரு குதிரையின் வாயையும் முத்தையா மாமா மோந்து பார்த்துத்தான் கோட்டில் நிற்க விடுவார். அவருடைய மூக்குதான் எங்கள் ஊர் லேப். அந்த மூக்கை ரொம்பவும் உயர்த்திச் சொல்ல மாட்டேன். அவருடைய மச்சினன் வண்டி வரும்போது மட்டும் அதற்கு ஜலதோஷம் பிடித்துவிடும்.

ஓடுவதற்கு முன்னால் ஒரு வழக்கம். பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கலோ லட்டோ, எது கிடைக்கிறதோ, முதல் வாய் குதிரைக்கு. அதற்குப் பிறகுதான் வண்டிக்காரன் வாயில் போடுவான். அண்ணன் அந்த லட்டை கோதை கையில் கொடுத்தான்.

"நீயே குடு தாயி. கைய விரிச்சு வையி, கடிக்க மாட்டான்."

அவள் பயந்துகொண்டே நீட்டினாள். குதிரை நாக்கால் வழித்துத் தின்றது. அந்த வருகையில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். முத்தையா மாமா வந்து குதிரையின் வாயில் மூக்கை வைத்தார். பச்சைக் கற்பூரம் கமகமவென்று வந்தது.

"கோயில் வாசம்ல அடிக்குது! ஏலே பரமசிவம், ஒன் வண்டி போகட்டும்லே" என்றார் மைக்கில்.

வண்டி மூன்றாவதாக வந்தது. கோதைக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. அந்த வாசம் வந்தால் சுத்தமான குதிரை என்பது அவள் மனசில் ஏறிவிட்டது.

4

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி சனிக்கிழமையில் வந்தது. செண்பகம் லட்டு பிடித்திருந்தாள். அவளுடைய அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யாரோ வருகிறவர்களிடம் பச்சைக் கற்பூரம் கொடுத்தனுப்பியிருந்தார். இங்கே கிடைக்காத பொருள் கைக்கு வந்ததும் செண்பகத்துக்குக் கை தாராளமாகிவிட்டது.

அன்று நான் பார்த்துக்கொண்டிருந்த குதிரைக்குப் பந்தயம் இருந்தது. 'கர்னல்ஸ் அம்ப்ரெல்லா' என்பது அதன் பெயர். கர்னலின் குடை! இந்த ஊரில் குதிரைக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு என்ன வியாதியோ தெரியாது. கர்னல் என்றால் திரும்பிப் பார்ப்பான். நல்ல பிள்ளை, ஆனால் பந்தயத்தில் அவன் ஜெயித்து யாரும் பார்த்ததில்லை. கோதைக்கு அப்போது பதினோரு வயது. விருந்தாளி அட்டை வாங்கி அவளைக் காலையில் லாயத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஹாங்குக்கும் எனக்கும் கொடுக்கச் சொல்லி செண்பகம் ஒரு டப்பா லட்டு கொடுத்துவிட்டிருந்தாள்.

கர்னல் அன்று ஜெயித்துவிட்டான். கடைசியில் வந்துகொண்டிருந்தவன் வளைவில் வெளிப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்தான். ஹாங்க் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டார். நான் அவனைச் சோதனை லாயத்துக்குக் கூட்டிப்போய், விசில் சத்தம் கேட்டு, குப்பியில் சீல் வைத்ததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கோதை காரில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் எங்களிடமிருந்து மட்டுமே கிடைத்ததால் அது அப்படியே ராஜபாளையத்துத் தமிழ்.

"அப்பா, யாருகிட்டயும் சொல்லாதீக. காலைல நாந்தான் அவனுக்கு மொத வாய் குடுத்தேன். பெரியப்பா செஞ்சாகல்ல, அதே மாதிரி."

"ஒரு லட்டா தாயி?"

"டப்பா முழுசும். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான்."

பள்ளிக்கூடத்துக்கு எலுமிச்சம் சாதம் கொண்டுபோக வெட்கப்படுகிற பிள்ளை. அவளாக நினைத்து, அவளாக நம்முடைய வழக்கம் ஒன்றை எடுத்துச் செய்திருக்கிறாள். கர்னல் ஜெயித்ததைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். அது இங்கே என்ன குற்றம் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை.

5

சில நாளில் கமிஷனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கர்னலின் சிறுநீரில் கற்பூரம் இருந்ததாம். கமிஷனின் தடைப் பட்டியலில் அதுவும் ஒரு பொருள். லாயத்தைத் தலைகீழாகப் புரட்டினார்கள். வலிக்குத் தேய்க்கும் தைலம் இருக்கிறதா என்று என் சட்டைப்பையைக்கூடப் பார்த்தார்கள். ஹாங்க் என் முகத்தைப் பார்த்தார். அது லட்டில் இருந்த பச்சைக் கற்பூரம் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். லைசென்ஸ் இல்லாத குழந்தை பந்தயத்தன்று குதிரைக்குத் தீனி கொடுத்தாள் என்று அவள் பெயர் கமிஷன் பதிவில் ஏறும். மைதானத்துக்குள் அவளை விடமாட்டார்கள். குழந்தையை விட்டதற்காக ஹாங்குக்குத் தண்டனை இன்னும் கூடும். எல்லாவற்றையும்விட, அவள் ஆசையாகச் செய்த ஒரே காரியத்துக்கு அரசாங்கம் போதை மருந்து என்று பெயர் வைக்கும். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

விசாரணைக்குச் செண்பகமும் கோதையும் வந்து வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சரியாக மூடாது. உள்ளே மூன்று ஸ்டுவர்ட்கள். தலைமை ஸ்டுவர்ட் ஒல்லியான, பொறுமையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"மிஸ்டர் சண்முகம், தெரியாமல் நடந்தது, வருந்துகிறேன் என்று சொல்லுங்கள். அபராதத்தோடு முடித்துவிடுவோம்."

"தெரியாமல் நடந்தது என்பது சரி. வருத்தம் எதற்கு?"

"தடை செய்த பொருளைக் கொடுத்திருக்கிறீர்கள்."

"இனிப்பு கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரிலும் பந்தயத்துக்கு முன்னால் குதிரையைச் சோதிப்பார்கள். வாயில் இந்த வாசம் வந்தால்தான் ஓட விடுவார்கள். சாமிக்குப் படைத்ததைத் தின்ற குதிரை என்று அர்த்தம்."

ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தலைமை ஸ்டுவர்ட் சிரிக்கவில்லை. "எங்கள் லேபுக்கு உங்கள் கோயில் தெரியாது" என்றார்.

"அது லேபின் குறை."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். ஆனால் கதவுக்கு வெளியே என் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் விழும்படி நான் எப்படி வருந்துவேன்? சட்டத்தை மீறினேன் என்றால் தண்டனை கொடு, வாங்கிக்கொள்கிறேன். லட்டு கொடுத்ததற்காகத் தலைகுனி என்றால் குனிய மாட்டேன்.

கர்னலின் வெற்றியை ரத்து செய்து கடைசி இடத்தில் போட்டார்கள். ஹாங்குக்கு அபராதம். எனக்கு இரண்டு மாதம் லைசென்ஸ் கிடையாது. வெளியே வந்ததும் ஹாங்க் என் பக்கம் திரும்பினார்.

"ஷான், அந்த இனிப்பு மிச்சம் இருக்கிறதா?"

செண்பகத்தின் கைப்பையில் இரண்டு இருந்தது. அங்கேயே நின்று ஒன்றைத் தின்றார். "பரவாயில்லை, அந்தக் கழுதை காரணமில்லாமல் ஜெயிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.

6

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் செண்பகம் பிடித்துக்கொண்டாள்.

"நீக பாட்டுக்குப் பழிய எடுத்துக்கிட்டீக. புள்ள மூஞ்சியப் பாத்தீகளா?"

"அவளக் காப்பாத்தத்தான செஞ்சேன்?"

"அவ செஞ்சது மறைக்க வேண்டிய காரியம்னு ஆயிப்போச்சுல்ல? ஒங்களுக்கு எம்புட்டு வாய் இருக்கோ அம்புட்டு புத்தி இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் நடந்தது. கோதை அந்தக் குளிர்காலம் முழுக்க லாயத்துப் பக்கம் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு லட்டைத் தொடவில்லை. அடுக்களையில் பச்சைக் கற்பூர வாசம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவாள். ஊருக்குப் போகலாமா என்றால் பரீட்சை இருக்கிறது என்பாள். அண்ணன் போனில் பேசினால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். கமிஷனிடம் நான் அம்புட்டு வீறாப்பாகப் பேசினேன், என் வீட்டுக்குள் கமிஷன் ஜெயித்துக்கொண்டிருந்தது.

பதினைந்து வயதில் அவளாகவே ஹாங்கிடம் போய் வேலை கேட்டாள். சனிக்கிழமைகளில் விருந்தாளி அட்டையில் வந்து சேணம் துடைத்துக் கொடுக்க விட்டார். வரும்போது கேரட் கொண்டுவருவாள். பந்தயம் இல்லாத குதிரைகளுக்கு மட்டும், அதுவும் ஹாங்கைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். கமிஷன் சட்டப்புத்தகத்தை வாங்கிவைத்துப் படித்தாள். லட்டு என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்ததே இல்லை.

7

இந்த ஜனவரியில் இருவரும் ஜன்னல் முன்னால் நின்றோம். நான் வழக்கம்போல் 'லட்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சிவப்புப் பேனா அம்மாள் பெருமூச்சு விட்டாள். கோதை இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'லைசென்ஸ் இல்லாமல் எப்போதாவது பந்தயக் குதிரைக்குத் தீனியோ மருந்தோ கொடுத்திருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுதே? இல்லன்னு போடு. ஒனக்கு லைசென்ஸ் வராது. எனக்கும் போயிரும்."

"தெரியும்பா. புஸ்தகத்துல படிச்சேன்."

"பொறவு?"

"இல்லன்னு போட்டா, நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்." பேனாவை மூடினாள். "நான் ஆசையா குடுத்தத நீக எடுத்துக்கிட்டீக. ஆறு வருசமா அது ஒங்க லட்டாவே இருக்கு. அது என்னோடதுப்பா."

அன்று விசாரணை நடந்தபோது அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் கேட்டது, நான் வருந்த மாட்டேன் என்று சொன்னதை மட்டுமல்ல. அவள் கொடுத்ததை அவளிடமிருந்து நான் பிடுங்கியதையும் கேட்டிருக்கிறாள்.

ஜன்னல் அம்மாள் படித்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். தலைமை ஸ்டுவர்ட்டே இறங்கி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, ஆனால் அதே கண்ணாடி. கோதை எழுதியதைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"அன்று எங்களிடம் பொய் சொன்னீர்கள்."

"ஆமாம்."

"இப்போதாவது வருந்துகிறீர்களா?"

"பொய்க்கு வருந்துகிறேன். லட்டுக்கு இல்லை."

அவர் கோதை பக்கம் திரும்பினார். "நீ?"

"எனக்கு வருந்துவதற்கு எதுவும் இல்லை" என்றாள், அவருக்குப் புரியும் ஆங்கிலத்தில், நேராக நின்று. "சட்டம் இப்போது தெரியும், இனி மீற மாட்டேன். ஆனால் அது போதை மருந்து இல்லை. அது எங்கள் ஊரில் குதிரைக்குக் கொடுக்கிற மரியாதை."

எங்கள் ஊர் என்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டுவர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு விண்ணப்பங்களும் கமிஷன் கூட்டத்துக்குப் போகும், முடிவு வருகிறவரைக்கும் இருவரும் லாயத்துக்குள் வரக்கூடாது என்றார். கூட்டம் இன்னும் நடக்கவில்லை. என்ன முடிவு வேண்டுமானாலும் வரட்டும். செண்பகத்தின் சம்பளம் இருக்கிறது, வீட்டில் பச்சைக் கற்பூரமும் இருக்கிறது.

ஸ்டுவர்ட் மேலே போன பிறகு, என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த அம்மாள் அதற்குள் லட்டை அடிப்பதற்காகச் சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்திருந்தாள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, லட்டு என்ற சொல்லுக்கு முன்னால் நான் இத்தனை வருடமும் எழுதாமல் விட்டதைச் சேர்த்தேன்.

'என் மகள் கொடுத்த லட்டு.'